கேரி கில்டால்: சின்னச் சிப்புக்கு ஒரு மொழி



8085 கிட்டுக்கு முன்னால் உட்கார்ந்து 4100-இல் ஆரம்பித்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டிய அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. எஸ்.டி.ஏ. என்றால் 32, ஹால்ட் என்றால் 76 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். ஆனால் நடுவில் ஒரே ஒரு கட்டளை விட்டுப்போச்சு என்று தெரிந்தால் தீர்ந்தது கதை. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் ஒவ்வொரு படி நகர வேண்டும். ஜம்ப் முகவரிகள் மாற வேண்டும். ரெக்கார்டு நோட்டில் அடித்துத் திருத்தி எழுத வேண்டும். லேப் முடிய இன்னும் பத்து நிமிஷம்தான் என்று சார் சொல்லும்போது கை நடுங்கும். இதுக்கு வேற வழியே கிடையாதா என்று மனசுக்குள் கேட்டுக்கொள்ளாத ஆள் நம்ம டிபார்ட்மென்டில் இருக்க முடியாது.

நமக்கு ஐம்பது வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் இதைக் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் பதிலையும் எழுதிக் கொடுத்தார். அவர் பெயர் கேரி கில்டால். பில் கேட்ஸை விட்டுக்கொடுத்த ஏமாளி என்று ஒரு வரியில் அவரை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு வரிக்கு அப்பால் அவர் வாழ்க்கையில் நமக்கு, அதாவது மைக்ரோகன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு அசெம்பிளியா, சி மொழியா என்று முழிக்கிற டிப்ளமோ மாணவர்களுக்கு, வேண்டியது நிறைய இருக்கிறது. அதனால்தான் இந்த ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுதலாம் என்று எடுத்தேன்.

கில்டால் பிறந்தது 1942-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சியாட்டில் துறைமுக நகரத்தில். அவர் குடும்பம் நடத்தியது ஒரு தொழிற்பள்ளி. கப்பல் ஓட்டுபவர்களுக்குத் திசையறியும் கலையைக் கற்றுக்கொடுத்து, லைசென்ஸ் பரீட்சைக்குத் தயார் செய்யும் பள்ளி. தாத்தா காலத்தில் தொடங்கியது, அப்பா தொடர்ந்து நடத்தினார். கேரி பள்ளிப் படிப்பில் ஒன்றும் புலி இல்லை. ஆனால் குடும்பப் பள்ளியில் மாலுமிகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறார். நம்மைப் போல கைத்தொழில் சார்ந்த படிப்பின் வாசனையில் வளர்ந்தவர் என்று இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம்.

ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். நம்ம வானூர் தாலுகாவிலேயே பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் பக்கம் கடலுக்குப் போகிற குடும்பங்களிலிருந்து வந்த நண்பர்கள் நம்மோடு படிக்கிறார்கள். இப்போது படகில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது, பட்டனைத் தட்டினால் இடம் தெரிகிறது. அந்தக் காலத்தில் பெரிய கப்பல்களில் நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கருவி வைத்து அளந்து, நேரத்தைக் குறித்து, சைன் காஸைன் அட்டவணைகளைப் புரட்டிப் புரட்டி, கையால் கணக்குப் போட்டுத்தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். ஒரு கூட்டல் தப்பினால் கப்பல் எங்கேயோ போய்விடும். இந்தக் கணக்கைப் போட்டுத் தர ஒரு மெஷின் இருந்தால் நன்றாக இருக்குமே என்பது கேரியின் அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை. அந்த ஆசைக்கும் நம்ம கதைக்கும் சம்பந்தம் இருக்கிறது.

கணக்கு வாத்தியார் ஆகும் எண்ணத்தோடு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கேரி, கம்ப்யூட்டரைப் பார்த்ததும் அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டார். 1963-இல் டோரத்தியைத் திருமணம் செய்துகொண்டார். படிப்பு முடிந்ததும், அது வியட்நாம் போர்க் காலம் என்பதால், கட்டாய ராணுவ சேவை குறுக்கே வந்தது. போர்க்கப்பலுக்குப் போவதற்குப் பதிலாக கலிபோர்னியாவில் மான்டரே என்ற கடற்கரை ஊரிலுள்ள கடற்படை முதுநிலைப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. நடுவில் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போய் 1972-இல் டாக்டர் பட்டத்தையும் முடித்தார். ஆராய்ச்சியின் பொருள், கம்பைலர் வெளியே தள்ளும் கோடை எப்படிச் சுருக்குவது என்பது. 1973-இல் அதைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையின் முறையை கில்டால் முறை என்றே இன்றைக்கும் கம்பைலர் பாடத்தில் சொல்கிறார்கள். ஆக, சின்ன சிப்பு அவர் கைக்கு வருவதற்கு முன்னாலேயே, கோடைச் சுருக்கும் வித்தை கையில் இருந்தது.

1971 நவம்பரில் இன்டெல் கம்பெனி 4004 என்ற மைக்ரோபிராசசரை வெளியிட்டது. நான்கு பிட். உள்ளே 2300 டிரான்சிஸ்டர். புரோகிராமுக்கு அதிகபட்சம் 4096 பைட். சப்ரூட்டீனுக்குள் சப்ரூட்டீன் என்று மூன்று அடுக்குக்கு மேல் போக முடியாது. பெருக்கல் கட்டளை கிடையாது. ஜப்பான் கால்குலேட்டர் கம்பெனி ஒன்றுக்காகச் செய்த சிப்பு அது. கில்டாலுக்கு உடனே நினைவுக்கு வந்தது அப்பாவின் கப்பல் கணக்கு. சிப்பு கைக்கு வருவதற்குள், அதே சிப்பு போல நடந்துகொள்ளும் சிமுலேட்டர் ஒன்றைப் பள்ளியில் இருந்த ஐ.பி.எம். 360 என்ற பெரிய கம்ப்யூட்டரில் எழுதினார். அதில் சைன், காஸைன் புரோகிராம்களை எழுதிப் பார்த்தார். நான்கு பிட் கூட்டலை வைத்துக்கொண்டு சைன் கண்டுபிடிப்பதென்றால் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நம்ம கிட்டில் இரண்டு எண்ணைப் பெருக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்படித்தான் அவர் வாரத்தில் ஒரு நாள் இன்டெல்லுக்குப் போய்வரும் ஆலோசகர் ஆனார். 1972 ஏப்ரலில் 8008 வந்தது. எட்டு பிட், 16 கிலோபைட் வரை நினைவகம். அப்போது இந்தச் சிப்புகளை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஹார்டுவேர் ஆட்கள். கேட்டும் ஃபிளிப்ஃபிளாப்பும் வைத்துச் செய்ததை இதில் செய்யலாம் என்று வந்தவர்கள். அசெம்பிளியில் எழுதினார்கள், அல்லது நேராக மெஷின் கோடிலேயே எழுதினார்கள். இவ்வளவு சின்ன சிப்புக்கு உயர்நிலை மொழி எதற்கு, பூனைக்கு யானை அம்பாரி எதற்கு என்பதுதான் அன்றைய எண்ணம்.

அந்த எண்ணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கணக்கைப் பாருங்கள். அன்று புரோகிராமைப் பதிவு செய்ய இன்டெல்லின் 1702 என்ற அழித்து எழுதும் ராம் அல்லாத நினைவகச் சிப்பு இருந்தது, அதாவது நாம் இ.பி.ராம் என்று படிப்பது. ஒன்றில் 256 பைட்தான் கொள்ளும். 1 கிலோபைட் புரோகிராமுக்கு நான்கு சிப்பு. கையால் அசெம்பிளியில் எழுதினால் நான்கில் அடங்குவது, கம்பைலர் எழுதியதால் கொஞ்சம் பெருத்து ஐந்து சிப்பு ஆகிவிட்டால், பத்தாயிரம் பெட்டி தயாரிக்கிறவன் பத்தாயிரம் சிப்பு கூடுதலாக வாங்க வேண்டும். அவனுக்கு அசெம்பிளிதான் லாபம். பத்தே பெட்டி செய்கிறவனுக்கோ பத்து சிப்பு ஒரு பொருட்டே இல்லை. இன்ஜினியர் இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதும் சம்பளம்தான் பெரிய செலவு. அவனுக்கு உயர்நிலை மொழி லாபம். மொழியைத் தேர்ந்தெடுப்பது என்பது கடைசியில் எத்தனை பெட்டி செய்யப்போகிறாய் என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. நம்மிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. எது பவர்ஃபுல், எது ஃபாஸ்ட் என்றுதான் கேன்டீனில் சண்டை போடுகிறோம்.

கில்டால் இன்டெல்லிடம் ஒரு மொழி செய்து தருகிறேன் என்றார். சம்மதித்தார்கள். அதுதான் பி.எல்/எம். மைக்ரோகம்ப்யூட்டர்களுக்கான புரோகிராம் மொழி என்பதன் சுருக்கம். 1973-இல் இன்டெல் அதற்குக் கையேடே வெளியிட்டுவிட்டது. கம்பைலரை ஃபோர்ட்ரானில் எழுதினார். அது ஓடுவது பெரிய கம்ப்யூட்டரில். அங்கே புரோகிராமைக் கொடுத்தால் இரண்டு சுற்றாகப் படித்து 8008-க்கான கோடைத் தள்ளும். அதைக் காகித நாடாவில் துளையாக எடுத்து வந்து சிப்புக்கு ஏற்ற வேண்டும். நாம் இன்று லேப்டாப்பில் கம்பைல் செய்து புரோகிராமர் வழியாக ஏற்றுகிறோமே, அதே ஏற்பாடுதான். லேப்டாப் இருக்கும் இடத்தில் அன்று ஒரு அறை நிறைய மெஷின்.

இந்த மொழியில் என்ன இருந்தது என்பதைவிட என்ன இல்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். தசம எண் இல்லை. மைனஸ் எண் கூட இல்லை. மாறிகள் இரண்டே இரண்டு வகை. எட்டு பிட்டுக்கு பைட், பதினாறு பிட்டுக்கு அட்ரஸ். அவ்வளவுதான். திரையில் அச்சடிக்கும் கட்டளை இல்லை, ஏனென்றால் திரையே இல்லை. அதற்குப் பதில் அவுட்புட் என்று எழுதி அடைப்புக்குள் 5 போட்டு ஒரு மதிப்பைக் கொடுத்தால் அது நேராக 5-ஆம் போர்ட்டில் போய் விழும். பிட்டை இடதுபக்கம், வலதுபக்கம் தள்ளவும் சுழற்றவும் தயாராகச் செயல்கள் இருந்தன. ஹார்டுவேர்க்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

இன்னொன்று முக்கியம். 8008-இல் ரிட்டர்ன் முகவரிகளை வைக்கும் ஸ்டாக் சிப்புக்கு உள்ளேயே இருந்தது. ஏழு அடுக்குக்கு மேல் இடமில்லை, அதில் வேறு மதிப்புகளைப் போட்டு வைக்கவும் முடியாது. ஆகவே பி.எல்/எம்மில் ஒவ்வொரு மாறிக்கும் நினைவகத்தில் நிரந்தரமான ஒரு இடம். புரோகிராம் ஓடுவதற்கு முன்பே யாருக்கு எந்த வீடு என்று பட்டா போட்டுக் கொடுத்தாகிவிட்டது. ஒரு செயல் தன்னைத்தானே அழைத்தால் பழைய மதிப்பு போய்விடும். அதனால் அப்படி எழுதக்கூடாது. 8008-இல் நினைவகத்தைத் தொட வேண்டுமென்றால் ஹெச், எல் என்ற இரண்டு ரிஜிஸ்டரில் முகவரியைப் போட்டுத்தான் தொட முடியும், வேறு வாசல் கிடையாது. நல்ல கம்பைலர் என்றால் அந்த இரண்டில் இப்போது என்ன இருக்கிறது என்று நினைவு வைத்திருந்து, மறுபடி ஏற்ற வேண்டாத இடத்தில் ஏற்றாமல் விட வேண்டும். டாக்டர் பட்டத்துக்குப் படித்தது இங்கே சோறு போட்டது.

இதெல்லாம் பழங்கதைதானே என்று நினைக்காதீர்கள். நம் பாடத்தில் வரும் 8051-க்கு 128 பைட் ராம். ரிஜிஸ்டர் பேங்கும் ஸ்டாக்கும் அதற்குள்ளேயேதான் குடித்தனம். அதற்கு எழுதிய கெய்ல் சி கம்பைலரைப் பாருங்கள். ஃபங்ஷனின் மாறிகளை ஸ்டாக்கில் வைக்காது, நிரந்தர இடத்தில்தான் வைக்கும். தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷன் வேண்டுமென்றால் அதற்கென்று தனி வார்த்தை போட்டு எழுத வேண்டும். முதலாமாண்டில் படித்த சி மொழி ஃபேக்டோரியல் புரோகிராமை அப்படியே கொண்டுபோய் 8051-இல் போட்டால் விடை தப்பாக வருவது இதனால்தான். மேலே எழுதியிருப்பது சி, உள்ளே இருப்பது கில்டாலின் பட்டா முறை.

எங்கள் பேட்ச் ஃபைனல் இயர் புராஜெக்டில் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். கிளியனூர் பக்கத்தில் நண்பன் ஒருவன் வீட்டு மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டாரை நிறுத்தும் கருவி. சிப்பு 89எஸ்51, அதாவது 4 கிலோபைட் ஃபிளாஷ், 128 பைட் ராம். எங்களில் இருவர் அசெம்பிளி என்றார்கள், இருவர் சி என்றார்கள், இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் சி ஜெயித்தது. மட்டத்தைச் சதவீதமாகக் காட்ட ஃபுளோட் போட்டோம். எல்.சி.டி.யில் எழுத எஸ்பிரின்ட்எஃப் போட்டோம். கெய்லின் இலவசப் பதிப்பு 2 கிலோபைட்டுக்கு மேல் இணைக்காது. மோட்டார் ரிலே பக்கமே இன்னும் போகவில்லை, அதற்குள் இடம் காலி. அசெம்பிளி கோஷ்டி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

பி.எல்/எம் பற்றிப் படித்தது அப்போதுதான். தொட்டி உயரம் 120 சென்டிமீட்டர். மட்டத்தை 100-ஆல் பெருக்கினால் அதிகபட்சம் 12000. ஒரு பைட்டில் அடங்காது, இரண்டு பைட்டில் தாராளமாக அடங்கும். பிறகு 120-ஆல் வகுத்தால் சதவீதம். புள்ளிக்குப் பின்னால் வரும் எண் தொட்டிக்கு எதற்கு? மைனஸ் மட்டம் என்று ஒன்று உண்டா? பைட், அட்ரஸ் என்ற அந்த இரண்டு வகையே போதுமாக இருந்தது. ஃபுளோட் போனது, எஸ்பிரின்ட்எஃப் போனது, மூன்று இலக்கத்தையும் நாங்களே பிரித்து எல்.சி.டி.க்கு அனுப்பினோம். பின்னால் எஸ்.டி.சி.சி. என்ற இலவசக் கம்பைலருக்கு மாறியபோது சி-யில் எழுதிய டிலே லூப்பின் நேரம் மாறிவிட்டது. அந்த ஒரு துண்டை மட்டும் அசெம்பிளியில் எழுதினோம். 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஒரு மெஷின் சைக்கிள் ஒரு மைக்ரோசெகண்ட், எண்ணி எழுதிவிடலாம். இரண்டு கோஷ்டியும் கைகுலுக்கியது இந்த இடத்தில்தான்.

கில்டாலும் கடைசியில் அப்படித்தான் செய்தார். இன்டெல்லில் இருந்து கிடைத்த இன்டெலெக்-8 மெஷினும், ஷுகர்ட் கம்பெனியின் 8 அங்குல ஃபிளாப்பி டிரைவும் அவரிடம் இருந்தன. டிரைவை மெஷினோடு பேசவைக்கும் சர்க்யூட்டை நண்பர் ஜான் டோரோட் செய்து கொடுத்தார். பெரிய கம்ப்யூட்டரை எதிர்பார்க்காமல் இந்தச் சின்ன மெஷினிலேயே வேலை செய்ய ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதினார், 1974-இல். அதுதான் சி.பி/எம். இன்டெல்லுக்கு அது வேண்டியிருக்கவில்லை. மனைவி டோரத்தியோடு சேர்ந்து பசிபிக் குரோவ் என்ற சிற்றூரில் வீட்டிலேயே கம்பெனி தொடங்கினார். முதலில் வைத்த பெயர் இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச். அண்டசராசரம் அளாவிய பெயர், பிற்பாடு வெறும் டிஜிட்டல் ரிசர்ச் ஆனது. வியாபாரம் முழுக்க டோரத்தி பார்த்துக்கொண்டார்.

அந்தக் காலத்திலேயே ஒரு வேடிக்கையும் நடந்தது. பென் கூப்பர் என்பவர் பிறந்த தேதியைத் திருகிக் கொடுத்தால் ஜாதகத்தை அச்சடித்துத் தரும் மெஷின் செய்ய வந்தார். கிரகக் கணக்கெல்லாம் சைன், காஸைன்தானே! அப்பாவின் கப்பலுக்காகப் பழகியது ஜாதகத்துக்கு உதவியது. மெஷின் வியாபாரம் ஆகவில்லை. நம்ம ஊரில் வைத்திருந்தால் ஓடியிருக்கும்.

சி.பி/எம்மை முதலில் எழுதியது பெரும்பாலும் பி.எல்/எம்மில். மெஷினுக்கு மெஷின் மாறுகிற பகுதியை மட்டும் பிரித்து பயாஸ் என்று பெயர் வைத்தார். ஃபிளாப்பியை எப்படித் தொடுவது, கீபோர்டை எப்படிப் படிப்பது என்பதெல்லாம் அதில். புது மெஷின் செய்கிறவன் அந்தச் சின்னத் துண்டை மட்டும் அசெம்பிளியில் எழுதிக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தயார். இன்றும் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் பயாஸ் என்ற பெயரைக் கேட்கிறோமே, அது இவர் வைத்தது. எது மாறும் எது மாறாது என்று நன்றாகத் தெரிந்த பிறகு, 2-ஆம் பதிப்பில் மையப் பகுதியை அசெம்பிளியில் திருப்பி எழுதினார்கள். கோப்பு நகல் எடுக்கும் பிப் போன்ற உதவி புரோகிராம்கள் பி.எல்/எம்மிலேயே இருந்துவிட்டன. எப்போதும் நினைவகத்தில் உட்கார்ந்திருப்பதைச் சுருக்கு, வந்து போவதைப் பற்றிக் கவலைப்படாதே என்ற கணக்கு.

1970-களின் கடைசியில் சின்ன கம்ப்யூட்டர் என்றால் சி.பி/எம் என்றாகிவிட்டது. பிறகு 1980-இல் ஐ.பி.எம். ஆட்கள் பசிபிக் குரோவுக்கு வந்த கதை. கில்டால் ஜாலியாக விமானம் ஓட்டப் போய்விட்டார், அதனால் கோட்டைவிட்டார் என்று சொல்வார்கள். அவர் சொந்த விமானம் ஓட்டுவார் என்பது உண்மை. அன்று போனது வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்க, வேலையாக. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட டோரத்தி தயங்கினார். மதியம் கில்டால் திரும்பி வந்த பின் நடந்தது என்ன என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. மைக்ரோசாஃப்ட், சியாட்டிலில் டிம் பேட்டர்சன் எழுதியிருந்த ஒன்றை வாங்கி ஐ.பி.எம்முக்குக் கொடுத்தது. புரோகிராம்கள் அதைக் கூப்பிடும் முறை சி.பி/எம்மை ஒத்திருந்தது. கில்டால் ஆட்சேபித்ததால் ஐ.பி.எம். இரண்டையும் விற்கச் சம்மதித்தது. டாஸ் விலை 40 டாலர், சி.பி/எம்-86 விலை 240 டாலர். எதை வாங்குவார்கள் என்று கேட்கவா வேண்டும்!

அவர் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டர் கிரானிக்கிள்ஸ் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 1983 முதல் 1990 வரை வந்து எல்லோருக்கும் புரியும்படி கம்ப்யூட்டரை விளக்கினார். 1985-இல் குரோலியர் கலைக்களஞ்சியத்தை ஒரே சி.டி.யில் அடக்கிக் காட்டினார். 1991-இல் டிஜிட்டல் ரிசர்ச்சை நாவல் கம்பெனி வாங்கியது. பணத்துக்குக் குறைவில்லை. மனசில்தான் குறை. 1992-இல் அவர் படித்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் துறை வெள்ளிவிழா கொண்டாடியது. அங்கேயே டாக்டர் பட்டம் வாங்கிய இவரைப் பார்வையாளராக அழைத்தார்கள். சிறப்புரைக்கு அழைத்தது பில் கேட்ஸை. இது அவரை ரொம்பக் காயப்படுத்தியது. அதன் பிறகுதான் தன் வரலாற்றைத் தானே எழுத உட்கார்ந்தார். குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் கொடுத்தார், புத்தகமாக வெளிவரவில்லை. அதில் ஒரு பகுதியை 2016-இல்தான் வெளியார் படிக்க முடிந்தது.

1994 ஜூலை 8 அன்று மான்டரேயில் ஒரு மதுக்கடையில் தலையில் அடிபட்டு, மூன்று நாள் கழித்து ஜூலை 11-ஆம் தேதி கில்டால் இறந்தார். வயது 52.

2014-இல் பசிபிக் குரோவில், லைட்ஹவுஸ் அவென்யூவில் கம்பெனி நடந்த பழைய வீட்டுக்கு முன்னால் ஐ.இ.இ.இ. சங்கம் ஒரு நினைவுப் பலகை வைத்தது. அதே ஆண்டு சி.பி/எம்மின் ஆரம்பப் பதிப்புகளின் மூல கோடைக் கலிபோர்னியாவின் கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது. அந்தக் கோப்புகளில் பலவற்றின் பெயர் பி.எல்.எம். என்ற மூன்று எழுத்தில் முடிகிறது.